பேரேட்டில் ஏறிய விசுவாசம்

1783 மே மாதம் தொடங்கி நவம்பர் வரை, நியூயார்க் நகரின் ஃப்ரான்சிஸ் உணவு விடுதியில் புதன்கிழமைதோறும் ஒரு விசாரணைக் குழு கூடியது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளோடு அமெரிக்கத் தரப்புப் பிரதிநிதிகளும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். துறைமுகத்தில் கப்பலேறக் காத்திருந்த கறுப்பின மக்களில் யாரையேனும் காட்டி, ‘இவள் என் அடிமை, தப்பி வந்தவள்’ என்று பழைய எஜமானர் உரிமை கொண்டாடினால், அந்த வழக்கு இந்தக் குழுவின் முன் வரும். அவள் எப்போது பிரிட்டிஷ் படைகளின் எல்லைக்குள் வந்து சேர்ந்தாள் என்பதே தீர்ப்பை முடிவு செய்யும். 1782 நவம்பர் 30-க்கு முன்பு வந்திருந்தால் கப்பல். பின்பு வந்திருந்தால் பழைய எஜமானரின் வீடு.

அமெரிக்கப் புரட்சியை நாம் வென்றவர்களின் வாய்வழியாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். போர் முடிந்தபோது பிரிட்டிஷ் மன்னரின் பக்கம் நின்றவர்களில் சுமார் 60,000 பேர் அந்த நாட்டை விட்டு வெளியேறினார்கள் என்றும், அவர்களோடு 15,000 அடிமைகளும் கொண்டுபோகப்பட்டார்கள் என்றும் வரலாற்றாய்வாளர் மாயா ஜாஸனாஃப் மதிப்பிடுகிறார். கனடா, பிரிட்டன், பஹாமாஸ், ஜமைக்கா, பின்னர் மேற்கு ஆப்பிரிக்கா என்று அவர்கள் சிதறினார்கள்.

இந்தச் சிதறலைத் துலக்கும் ஆவணங்களில் பெரும்பகுதி பேரேடுகள்: கப்பல் பட்டியல்கள், நிலப் பட்டாக்கள், இழப்பீட்டு மனுக்கள், ரேஷன் கணக்குகள். அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. பேரரசு தன் விசுவாசிகளை அடியோடு கைவிட்டுவிடவில்லை. கப்பல் கொடுத்தது, நிலம் கொடுத்தது, பணமும் கொடுத்தது. ஆனால் யாருக்கு எவ்வளவு என்பதை, அவர்கள் முன்பு என்ன வைத்திருந்தார்கள் என்பதைக் கொண்டே அளந்தது. தாமே பிறர் சொத்தாக இருந்தவர்களுக்கு அந்த அளவுகோலில் இடமே இல்லை.

யார் இந்த விசுவாசிகள்

விசுவாசிகள் என்றதும் பட்டு அங்கியும் பொய்முடியும் தரித்த ஆளுநர்கள் நினைவுக்கு வருவார்கள். அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள். மாசசூசெட்ஸ் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் 1774-ல் இங்கிலாந்துக்குப் போய், மில்டன் ஊரிலிருந்த தன் வீட்டை எண்ணி ஏங்கியபடியே 1780-ல் அங்கே இறந்தார். நியூஜெர்சியின் ஆளுநர் வில்லியம், புரட்சியின் முதுபெரும் தலைவர் பெஞ்சமின் ஃப்ராங்க்ளினின் மகன். 1785-ல் சவுத்ஹாம்ப்டனில் தந்தையும் மகனும் சந்தித்தபோது பாசம் பேசப்படவில்லை. நிலமும் கடனும்தான் பேசி முடிக்கப்பட்டன. பிறகு தந்தை எழுதிய உயிலில் மகனுக்குப் பெயரளவுக்கே பங்கு கிடைத்தது.

ஆனால் வெள்ளையர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மன்னர் பக்கம் சாய்ந்தவர் என்று மதிப்பிடப்படுகிறது. அத்தனை பேரும் சீமான்களாக இருக்க முடியாது. தச்சர்கள், தையற்காரர்கள், சிறு விவசாயிகள், ஆங்கிலிக்கன் பாதிரிமார், வட கரோலினாவில் புதிதாகக் குடியேறிய ஸ்காட்லாந்து மலைநாட்டார் எனப் பல தரப்பினரும் அதில் உண்டு. பலருக்கு அது கொள்கைத் தேர்வுகூட அல்ல. அக்கம்பக்கத்தாரோடு இருந்த பழைய பகை, எந்தப் படை முதலில் ஊருக்குள் வந்தது என்ற தற்செயல், சத்தியப் பிரமாணம் எடுக்க மறுத்த ஒரு கணம் ஆகியவையே அவர்களை ‘டோரி’, அதாவது மன்னர் பக்கத்தவர், ஆக்கின. இவர்களில் பெரும்பாலோர் போருக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு அங்கேயே தங்கினார்கள். போக வேண்டியிருந்தது, சட்டம் பெயர் சொல்லித் துரத்தியவர்களும் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சியவர்களும்தான். நியூயார்க் மாகாணம் 1779-ல் இயற்றிய பறிமுதல் சட்டம் 59 பேரின் பெயரைக் குறிப்பிட்டு, திரும்பி வந்தால் மரண தண்டனை என்றது.

இவர்களிலிருந்து வேறுபட்ட ஒரு கூட்டம் அடிமைகள். 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் பிரபு ஓர் அறிவிப்பு விட்டார்: புரட்சியாளரிடம் இருக்கும் அடிமைகள் மன்னருக்காக ஆயுதம் ஏந்த வந்தால் விடுதலை. 1779-ல் தளபதி ஹென்றி கிளிண்டனின் பிலிப்ஸ்பர்க் அறிவிப்பு அந்த வாசலை இன்னும் அகலத் திறந்தது. இரண்டும் போர்த் தந்திரங்கள். மன்னரின் விசுவாசிகளிடம் இருந்த அடிமைகளுக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. டன்மோரே அடிமைகளை வைத்திருந்தவர்தான். ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் ஆற்றைக் கடந்தும் காட்டைக் கடந்தும் ஓடி வந்தார்கள். அவர்கள் விசுவாசம் வைத்தது மன்னர்மீதா, விடுதலைமீதா என்ற கேள்விக்கு அவர்களுடைய பிற்கால வாழ்க்கையே பதில் சொல்லும்.

ஏழாவது பிரிவு

பாரிஸ் சமாதான உடன்படிக்கை விசுவாசிகளுக்குத் தந்தது மிகக் குறைவு. பறித்த நிலங்களைத் திருப்பித் தருமாறு மாகாணங்களுக்கு அமெரிக்க காங்கிரஸ் ‘பரிந்துரைக்கும்’ என்றது ஐந்தாவது பிரிவு. பரிந்துரையை மாகாணங்கள் பெரும்பாலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏழாவது பிரிவோ, பிரிட்டிஷ் படைகள் வெளியேறும்போது அமெரிக்கர்களின் ‘நீக்ரோக்களையும் பிற சொத்துகளையும்’ எடுத்துச் செல்லக் கூடாது என்றது.

இந்தச் செய்தி நியூயார்க் வந்தபோது அங்கிருந்த கறுப்பின மக்களைப் பிடித்த கிலியைப் பாஸ்டன் கிங் என்ற தச்சர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வர்ஜீனியா, வட கரோலினா முதலிய இடங்களின் எஜமானர்கள் நியூயார்க் தெருக்களில் வந்து, தங்கள் பழைய அடிமைகளைப் படுக்கையிலிருந்தே பிடித்து இழுத்துப் போவதைக் கண்டபோது, பல நாள் சோறும் தூக்கமும் இல்லாமல் போயிற்று என்கிறார்.

பிரிட்டிஷ் தலைமைத் தளபதி கை கார்ல்டன் இதற்கு ஒரு வியாக்கியானம் கண்டுபிடித்தார். உடன்படிக்கைக்கு முன்பே அறிவிப்பை நம்பி வந்தவர்கள் அன்றே விடுதலை பெற்றுவிட்டார்கள். ஆகவே அவர்கள் யாருடைய சொத்தும் அல்ல. 1783 மே 6 அன்று டாப்பன் என்ற ஊரில் ஜார்ஜ் வாஷிங்டன் அவரைச் சந்தித்தபோது, கப்பல்கள் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டன என்று கேட்டு அதிர்ந்தார். அதற்குச் சில நாள் முன்புதான் தன்னிடமிருந்து ஓடிய அடிமைகளும் நியூயார்க்கில் இருக்கக்கூடும், தேடிப் பாருங்கள் என்று கடிதம் எழுதியிருந்தார் அவர்.

கார்ல்டனின் சமாதானம் ஒரு பதிவேடு. போகிறவர் ஒவ்வொருவரின் பெயர், வயது, உடற்கட்டு, பழைய எஜமானர், ஓடி வந்த காலம், கப்பல், போய்ச்சேரும் இடம் ஆகியவற்றை எழுதி வைப்போம். பின்னால் நஷ்டஈடு தர வேண்டி வந்தால் மதிப்புப் போட உதவும் என்றார். ‘நீக்ரோக்களின் பதிவேடு’ என்று அறியப்படும் அதில் 3,000 பேர் இருக்கிறார்கள். லபோண்டான்ஸ் என்ற கப்பலின் பக்கத்தில் இப்படி ஒரு பதிவு: ஹென்றி வாஷிங்டன், வயது 43, நல்ல ஆள், முன்பு ஜெனரல் வாஷிங்டனின் சொத்து, ஏழு ஆண்டுகளுக்கு முன் அவரை விட்டு வந்தவர். அதே கப்பலில் பாஸ்டன் கிங்கும் அவர் மனைவி வயலெட்டும் இருக்கிறார்கள். விலை மதிப்பதற்காக எழுதப்பட்ட ஏடு அது. ஆனால் எழுதப்பட்டவர்களுக்கு அதுவே விடுதலைப் பத்திரமாயிற்று. கையோடு வைத்துக்கொள்ள ஜெனரல் சாமுவேல் பர்ச் கையெழுத்திட்ட சான்றிதழ் ஒன்றும் கிடைத்தது.

அந்தத் தாள் எவ்வளவு முக்கியம் என்பதை மேரி போஸ்டெல் என்ற பெண்ணின் வழக்கு காட்டுகிறது. ஓடி வந்து விடுதலை பெற்றவர் அவர். சோதிப்பதாகச் சொல்லி அவருடைய சான்றிதழை ஒருவன் வாங்கிக்கொண்டான், திருப்பித் தரவில்லை. பிறகு ஜெஸ்ஸி கிரே என்பவர் அவரை மீண்டும் அடிமையாக்கி, இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 100 புஷல் உருளைக்கிழங்குக்கு விற்றார். 1791-ல் அங்குள்ள ஷெல்பர்ன் நகர நீதிமன்றத்தில் மேரி வழக்காடினார். அவருக்காகச் சாட்சி சொன்ன கறுப்பினத் தம்பதியின் வீடு எரிக்கப்பட்டது. அவர்களின் குழந்தை அதில் இறந்தது. நீதிமன்றம் கிரேயைக் குற்றமற்றவர் என்றது.

பாறைமேல் ஒரு நகரம்

வெளியேறியவர்களில் சுமார் பாதிப் பேர், ஏறத்தாழ 30,000 பேர், சென்றது நோவா ஸ்கோஷியாவுக்கு. மிக்மாக் பழங்குடியினரின் நிலம் அது. அதைக் கேட்டு வாங்கவோ விலை கொடுக்கவோ யாரும் மெனக்கெடவில்லை. அளந்து பங்கு போட்டார்கள். தலைக்கட்டுக்கு 100 ஏக்கர், குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மேலும் 50, ராணுவ அதிகாரிகளுக்கு அதற்கும் மேல் என்பது விதி. அரசாங்கம் பலகைகளும் மூன்றாண்டு ரேஷனும் தருவதாகச் சொன்னது.

கப்பலேறும் முன்பே பங்குச் சண்டை தொடங்கிவிட்டது. 1783 கோடையில் நியூயார்க்கில் 55 கனவான்கள், தங்கள் அந்தஸ்துக்கு ஏற்ப ஆளுக்கு 5,000 ஏக்கர் வேண்டும் என்று விண்ணப்பித்தார்கள். விஷயம் வெளியே தெரிந்ததும் 600-க்கும் மேற்பட்டோர் எதிர்மனு போட்டார்கள்: ஒரே மன்னருக்காக ஒரே மாதிரி இழந்தவர்கள் இனி அந்த 55 பேரின் குத்தகைக்காரர்களாக வேண்டுமா என்று. முடியாட்சிக்காகப் போராடியவர்கள் எல்லாம் படிநிலையை வணங்குபவர்கள் அல்லர் என்பதற்கு இதுவே சான்று.

தென் கரையில் போர்ட் ரோஸ்வே என்ற துறைமுகத்தில் எழுந்த ஷெல்பர்ன் ஓராண்டுக்குள் சுமார் 10,000 பேர் வாழும் நகரமானது. வட அமெரிக்காவின் பெரிய நகரங்களில் ஒன்று. துறைமுகம் அருமையானது, மண் மோசமானது. மேல்மண்ணைச் சற்றுக் கிளறினால் கருங்கல். நகரவாசிகளில் கடைக்காரர்களும் கைவினைஞர்களும் இருந்த அளவுக்கு உழவர்கள் இல்லை. ரேஷன் நின்றதும் நகரம் கரையத் தொடங்கியது. சில ஆண்டுகளில் வீடுகள் ஆளில்லாமல் நின்றன.

அருகில் இருந்தது பர்ச்டவுன். சான்றிதழில் கையெழுத்திட்ட தளபதியின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். 1,500-க்கும் மேற்பட்ட விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அங்கே குடியமர்ந்தார்கள்; அன்றைய வட அமெரிக்காவில் அவர்களின் மிகப் பெரிய குடியிருப்பு அதுதான். பலகை வந்து சேராதவர்கள் தரையில் குழி தோண்டி மேலே கூரை வேய்ந்து குளிர்காலத்தைக் கழித்தார்கள்; பின்னாளில் நடந்த அகழாய்வில் இத்தகைய குழிவீடுகள் கிடைத்திருக்கின்றன. நிலம் பலருக்கு ஆண்டுக்கணக்கில் வரவில்லை. வந்தவர்களுக்கும் வெள்ளையர்களுக்குக் கிடைத்ததைவிட வெகு குறைவு. நிலமில்லாதவர் கூலிக்குப் போக வேண்டும், கூலியும் அடிமட்டம். அந்த அடிமட்டக் கூலியே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. தங்களுக்கு வேலை கிடைக்காததற்கு இவர்களே காரணம் என்று 1784 ஜூலையில், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வெள்ளைச் சிப்பாய்கள் ஷெல்பர்னில் கறுப்பினத்தாரின் சுமார் 20 வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். நில அளவையாளர் பெஞ்சமின் மார்ஸ்டன் இதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கடைசியில் அவரும் ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று.

பஞ்சம் வந்தபோது பர்ச்டவுன்காரர்கள் நல்ல துணிகளை விற்று மாவு வாங்கினார்கள், நாய் பூனைகளைக்கூடத் தின்றார்கள் என்று பாஸ்டன் கிங் எழுதுகிறார். அப்போது ஷெல்பர்னில் ஒரு கப்பல் தலைவர் மரப்பெட்டி ஒன்று செய்து தரச் சொன்னார், கூலி, சோளம். இரவெல்லாம் விழித்துச் செய்து, ஆழமான பனியில் கொண்டுபோனார் கிங். பெட்டி தான் கேட்ட மாதிரி இல்லை என்று தலைவர் மறுத்துவிட்டார். கிங் விழுந்து எழுந்து திரும்பி நடந்தார், வேறொரு பெட்டி செய்தார், சோளம் கிடைத்தது. தச்சு தெரிந்த கிங்குக்கே கதி அதுதான்.

இழப்பை அளந்தவர்கள்

1783 ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விசுவாசிகளின் இழப்பீட்டு ஆணையத்தை அமைத்தது. போரில் தோற்ற அரசு, தன் பக்கம் நின்ற குடிமக்களின் இழப்பை மனு வாங்கி, சாட்சி விசாரித்து, மதிப்புப் போட்டுக் கொடுப்பது அன்றைக்குப் புதுமையான காரியம். ஆணையர்கள் இருவர் நோவா ஸ்கோஷியாவுக்கே போய் விசாரித்தார்கள். ஒருவர் அமெரிக்காவுக்குச் சென்று பத்திரங்களைச் சரிபார்த்தார். 3,225 மனுக்கள் வந்தன. 2,291 பேருக்குச் சுமார் 30 லட்சம் பவுண்டு கிடைத்தது. கேட்டதில் பாதிக்கும் குறைவு.

தாராளம்தான், ஆனால் அதன் வரையறை இறுக்கமானது. நிரூபிக்கத்தக்க சொத்து வேண்டும். பத்திரமோ சாட்சியோ வேண்டும். இதில் பெண்கள் மாட்டிக்கொண்ட விதத்தை வரலாற்றாய்வாளர் மேரி பெத் நார்ட்டன் ஆராய்ந்திருக்கிறார். மனுச் செய்த பெண்கள் 468 பேர். அவர்களில் பலருக்குக் குடும்ப நிலம் எத்தனை ஏக்கர், என்ன விலை போகும், கணவருக்கு எவ்வளவு கடன் என்று தெரியவில்லை. ஆனால் அடுப்படிச் சாமான்கள், துணிமணி, மேசை நாற்காலி எல்லாவற்றையும் எண்ணிக்கை பிசகாமல் சொன்னார்கள். நிலக் கணக்கை ஆண்கள் தங்கள் கையிலேயே வைத்திருந்த குடும்ப முறை, ஆணையத்தின் ஏட்டில் பெண்களின் இழப்பாகப் பதிவாயிற்று.

சட்டமும் அவர்களுக்கு அனுகூலமாக இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் கணவர் ஜோசப் கேலோவே ஊரைவிட்டுப் போய்விட, தன் பிறந்தவீட்டுச் சொத்தையாவது காப்பாற்றலாம் என்று தனியே தங்கினார் கிரேஸ் கேலோவே. மனைவியின் நிலத்தை அனுபவிக்கும் உரிமை கணவருடையது. அவர் துரோகி என்று அறிவிக்கப்பட்டதால் அந்த உரிமையும் பறிமுதல் என்று சொல்லி, 1778 ஆகஸ்டில் கிரேஸைக் கையைப் பிடித்து வீட்டுக்கு வெளியே நடத்திவந்தார்கள். கணவரையும் மகளையும் மறுபடி பார்க்காமலே 1782-ல் இறந்தார்.

கறுப்பின மனுதாரர்களுக்கு வந்த பதில் இன்னும் வெளிப்படையானது. லண்டனில் மனுக் கொடுத்தவர்களில் பெரும்பாலோரை ஆணையர்கள் வெறுங்கையோடு அனுப்பினார்கள். விடுதலை கிடைத்ததே, அதைவிட என்ன வேண்டும் என்பது அவர்கள் வாதம். அரிதாகச் சலுகை பெற்ற ஒருவர் ஷாட்ராக் ஃபர்மன். வர்ஜீனியாவில் பிரிட்டிஷ் படைக்குச் சோறு போட்டதற்காகப் புரட்சியாளர்களால் சித்திரவதை செய்யப்பட்டுக் கண்ணிழந்தவர். லண்டன் தெருவில் ஃபிடில் வாசித்துப் பிழைத்தவர். அவருக்கு ஆண்டுக்கு 18 பவுண்டு ஓய்வூதியம். இவர்களுக்கு ஒன்றும் தராத அதே ஆணையம்தான் வெள்ளை மனுதாரர்கள் இழந்த அடிமைகளைச் சொத்துக் கணக்கில் சேர்த்து மதிப்புப் போட்டது. தப்பி வந்தவரின் காயத்துக்கு இல்லாத தொகை, தப்பவிட்டவரின் நஷ்டத்துக்கு இருந்தது.

உடன்படிக்கையில் பெயரில்லாதவர்கள்

மன்னருக்காகப் போரிட்ட பழங்குடிகளைப் பற்றிப் பாரிஸ் உடன்படிக்கையில் ஒரு வரிகூட இல்லை. மோஹாக் தலைவர் தாயெண்டநேகா, ஆங்கிலேயர் ஜோசப் பிராண்ட் என்று அழைத்தவர், தம் மக்களின் நிலத்தை, அதற்குச் சொந்தக்காரர் அல்லாதவர்கள் அமெரிக்காவுக்குக் கொடுத்துவிட்டதைக் கேட்டுக் கொதித்தார். எல்லையில் மறுபடி போர் மூளும் என்ற பயத்தில், கியூபெக் ஆளுநர் ஹால்டிமண்ட் 1784 அக்டோபரில் கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறாறு மைல் அகல நிலத்தை, மோஹாக்குகளும் சேர்ந்த ஆறு இனக் கூட்டமைப்புக்கு வழங்கினார். அந்த மானியத்தில் இன்று அவர்கள் கையில் எஞ்சியிருப்பது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. இழந்த நிலம் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை.

தெற்கே போனவர்களின் அலைச்சல் வேறு விதம். ஜார்ஜியாவின் எலிசபெத் ஜான்ஸ்டன் 1782-ல் சவானாவைவிட்டுச் சார்ல்ஸ்டன் போனார், அதுவும் காலியானது. கிழக்கு ஃப்ளோரிடாவுக்குப் போனார். அதை பிரிட்டன் ஸ்பெயினுக்குக் கொடுத்துவிட்டது. பிறகு எடின்பரோ, ஜமைக்கா. வழியில் பிள்ளைகளை நோய்க்குப் பறிகொடுத்து, கடைசியில் நோவா ஸ்கோஷியா. பஹாமாஸுக்கு அடிமைகளோடு சென்றவர்கள் பருத்தி பயிரிட்டார்கள். பூச்சியும் மெலிந்த மண்ணும் சில ஆண்டுகளில் அதை அழித்தன. அங்கே ஆளுநராக வந்து சேர்ந்தவர் அதே டன்மோர்.

அன்றைய பேரரசு எவ்வளவு பரந்தது என்பதற்குத் தமிழகக் கரையிலும் ஒரு தடயம் உண்டு. நியூயார்க்கில் கப்பல்கள் நிரம்பிக்கொண்டிருந்த 1783 ஜூனில், இதே போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்றான கடலூர் முற்றுகை நடந்தது. அங்கே காயப்பட்டு பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டவர்களில் ஒருவர் பாஸ்டன் நகரில் பிறந்த டேவிட் ஆக்டர்லோனி. பின்னாளில் டெல்லி தர்பாரில் பிரிட்டிஷ் பிரதிநிதி. யார்க்டவுனில் சரணடையும் முன், தன்னை நம்பி வந்து அம்மையில் விழுந்த கறுப்பின மக்களைக் கோட்டைக்கு வெளியே துரத்திய பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸுக்குத்தான் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் சிலை நிற்கிறது, திப்புவை வென்றதற்காக.

விசுவாசிகள் செய்த கலகம்

பர்ச்டவுனும் மற்ற குடியிருப்புகளும் பொய்த்தபோது, ‘பிளாக் பயனியர்ஸ்’ படைப்பிரிவில் சார்ஜெண்டாக இருந்த தாமஸ் பீட்டர்ஸ், நிலம் கிடைக்காதவர்களின் மனுவோடு லண்டன் போனார். பிடிபட்டால் மீண்டும் அடிமையாகும் ஆபத்தோடு செய்த பயணம். சியரா லியோன் கம்பெனி அவர்களை ஆப்பிரிக்காவுக்கு அழைக்க முன்வந்தது. கம்பெனியின் சார்பில் வந்த கடற்படை அதிகாரி ஜான் கிளார்க்சன் ஆணுக்கு 20 ஏக்கர், மனைவிக்கு 10, பிள்ளைக்கு 5, தீர்வை கிடையாது என்று வாக்குக் கொடுத்தார். 1792 ஜனவரி 15 அன்று ஹாலிஃபாக்ஸிலிருந்து 15 கப்பல்களில் ஏறத்தாழ 1,190 பேர் புறப்பட்டார்கள். ஃப்ரீடவுன் நகரம் அப்படித்தான் பிறந்தது. பாஸ்டன் கிங்கும் ஹென்றி வாஷிங்டனும் அதில் இருந்தார்கள். வயலெட் சேர்ந்த சில வாரங்களிலேயே காய்ச்சலில் இறந்தார். பீட்டர்ஸ் அந்தக் கோடையைத் தாண்டவில்லை.

கிளார்க்சன் சொன்னதைக் கம்பெனி ஏற்கவில்லை. நிலம் குறைந்தது, அதற்குத் தீர்வையும் விதிக்கப்பட்டது. வாங்கிய வாக்கை மறக்காத குடியேறிகள் லண்டனுக்குத் தூது அனுப்பினார்கள், தேர்தல் வைத்துத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள், பெண்களும் அதில் வாக்களித்தார்கள். 1800 செப்டம்பரில் தாங்களே இயற்றிய சட்டத்தை எழுதி ஊரில் ஒட்டினார்கள். ஜமைக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்டு அப்போதுதான் வந்திறங்கிய, மரூன் எனப்படும், தப்பியோடிய அடிமைகளின் வழிவந்த வீரர்களைக் கொண்டு கம்பெனி அந்தக் கலகத்தை அடக்கியது. இருவர் தூக்கிலிடப்பட்டார்கள், ஹென்றி வாஷிங்டன் உள்ளிட்ட பலர் நாடு கடத்தப்பட்டார்கள். அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு மன்னரின் கொடியை நோக்கி ஓடியவர், அந்தக் கொடியின் கீழேயே வரி எதிர்ப்பாளராகத் தண்டிக்கப்பட்டார். அவரது பழைய எஜமானர் முழங்கிய அதே கோரிக்கைதான்: எங்கள் சம்மதமில்லாமல் எங்கள்மீது தீர்வை கூடாது.

19-ஆம் நூற்றாண்டுக் கனடா, விசுவாசிகளைத் தன் மூதாதையராகக் கொண்டாடியது. 1789-ல் டார்செஸ்டர் பிரபு, அதாவது பழைய கார்ல்டன், அவர்களின் சந்ததியாருக்குத் தனி மரியாதை அடையாளமும் வகுத்திருந்தார். பர்ச்டவுனில் கறுப்பின விசுவாசிகளுக்கான பாரம்பரிய மையம் திறக்கப்பட்டதோ 2015-ல். அதன் முந்தைய அலுவலகம் 2006-ல் தீ வைக்கப்பட்டிருந்தது.

புலம்பெயர்வை மனிதாபிமானக் கதையாகச் சொல்லும்போது, கப்பல் கொடுத்தவரின் கருணையும் ஏறியவரின் கண்ணீரும் முன்னுக்கு வரும். ஏடுகளைப் படித்தால் வேறொன்று முன்னுக்கு வருகிறது. பழைய சமூகத்தின் மேல்கீழைக் கடல் தாண்டியும் அப்படியே நட்டுவைத்த கருவி, எதை இழப்பு என்று ஏற்பது என்ற ஒரே ஒரு விதி. அந்த விதியை எழுதும் இடத்தில் மனுதாரர்களுக்கும் நாற்காலி இருந்ததா என்பதே மீள்குடியேற்றம் எதைப் பற்றியும் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. 1783-ல் இல்லை. 1800-ல் அந்த நாற்காலியைத் தாங்களே போட்டுக்கொள்ள முயன்றவர்களைத்தான் பேரரசு கலகக்காரர்கள் என்றது.